பதிவு அட்டையில் 1967, குடும்ப நினைவில் 1965: ஒரு பீட்டில் கார் உண்மையில் எப்போது தயாரானது?

வண்டி: ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1300, வலப்பக்க ஸ்டியரிங், இரண்டு கதவுகள், வான நீலப் பெயின்ட். நிற்கும் இடம் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்துப் பட்டறை. உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். அவருடைய தந்தை புதிதாக வாங்கி, கடைசிக் காலம் வரை கைவிடாமல் வைத்திருந்த வண்டி இது. பழைய கார்களின் காட்சி ஒன்றில் நிறுத்துவதற்காக விவரப் பலகை எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. பலகையில் எந்த ஆண்டைப் போடுவது?

பதிவு ஆவணம் உற்பத்தி ஆண்டு 1967 என்கிறது. முதல் பதிவு 1967 பிப்ரவரி. குடும்பத்தில் எல்லாரும் 1965 என்கிறார்கள். பட்டறைக்கு வந்துபோகிறவர்களோ முன்விளக்குகளைப் பார்த்துவிட்டு 1968 என்று அடித்துச் சொல்கிறார்கள். உரிமையாளர் என்னிடம் சொன்னது இது: “தம்பி, அப்பா பொய் சொல்ல மாட்டார். நாடு பிறந்த ஆண்டின் வண்டி என்றுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.”

“அண்ணே, அப்பா சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. முதலில் எண்ணைப் பார்ப்போம்” என்றேன்.

சிங்கப்பூரில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே காரின் வயதை நாம் எல்லாரும் பதிவு நாளிலிருந்துதான் எண்ணுகிறோம். 1990 மே மாதம், காரை வைத்திருக்கும் உரிமையைப் பத்தாண்டுக்குத் தரும் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்ததிலிருந்து அந்தப் பத்தாண்டுக் கணக்கு நம் மனத்தில் ஊறிப்போய்விட்டது. மரபு வாகனங்களுக்கான நிலப் போக்குவரத்து ஆணையத்தின் திட்டமும் முதல் பதிவு நாளை வைத்தே 35 ஆண்டுகளைக் கணக்கிடுகிறது. அந்தத் திட்டத்தில் உள்ள வண்டியை ஆண்டுக்கு 45 நாள் சாலையில் ஓட்டலாம். வரி கட்டவும் விற்கவும் பதிவு நாள் போதும். ஆனால் ஒரு வண்டியின் வரலாற்றை எழுதும்போது மூன்று ஆண்டுகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்: தொழிற்சாலையை விட்டு இறங்கிய ஆண்டு, மாடல் ஆண்டு, பதிவான ஆண்டு. நம் ஊர்க் காட்சிகளில் பலகைகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகின்றன. எனக்கு அது உறுத்துகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு பொருளைக் காப்பாற்றி வைத்தவர்களுக்கு அதன் சரியான பிறந்த நாளைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

எண் இருக்கும் இடம்

பீட்டிலின் சேசிஸ் எண், அதாவது ஆலை ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகக் கொடுத்த அடையாள எண், இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, பின் இருக்கையைத் தூக்கினால் தெரியும் நடுச்சுரங்கத்தின் மேல் நேராக இரும்பில் குத்தப்பட்டது. மற்றொன்று, முன்பக்கச் சாமான் பெட்டிக்குள் பதித்த சிறு தகடு. இரண்டையும் பார்க்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது. பீட்டிலில் மேல்கூடு வேறு, தரைச்சட்டம் வேறு. போல்ட்டுகளைக் கழற்றினால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துவிடலாம். நம் ஊரின் ஈரக் காற்றில் கூடு துருப்பிடித்துப் போனதால் வேறு வண்டியின் கூட்டை ஏற்றிய கதைகள் உண்டு. அப்படி ஏற்றியிருந்தால் எண் தரைச்சட்டத்தின் வயதை மட்டுமே சொல்லும்.

இந்த வண்டியில் இரண்டும் ஒத்துப்போயின. 116 782 என்று தொடங்கும் எண். கடைசி மூன்று இலக்கங்களை உரிமையாளரின் விருப்பப்படி இங்கே விட்டுவிடுகிறேன். அதனால் கணக்குக்கு நட்டமில்லை. அக்காலத்தில் வேலை நாள் ஒன்றுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட எண்கள் ஓடின. ஆயிரம் எண்கள் என்பது ஒரு நாளின் கால் பங்குகூட ஆகாது.

பதிவு ஆவணத்திலும் இதே எண்தான். ஆனால் அடுத்த பெட்டியில் உற்பத்தி ஆண்டு 1967. பதிவான ஆண்டையே யாரோ எப்போதோ அந்தப் பெட்டியிலும் எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எண்ணும் ஆண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது வரிசையைத் தெரிந்தவர்களுக்குத்தான் கண்ணில் படும்.

எண் என்ன சொல்கிறது

1964 ஜூலை வரை பீட்டிலின் எண்கள் ஒரே நீண்ட வரிசையாக ஓடின. 1964 மாடல் 6 502 399 என்ற எண்ணோடு முடிந்தது. 1964 ஆகஸ்ட்டில் முறை மாறியது. முதல் இரண்டு இலக்கம் வண்டியின் வகை: 11 என்றால் சாதாரண மூடிய பீட்டில். மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டு: 5 என்றால் 1965, 6 என்றால் 1966. அதன் பின் வருவது அந்த மாடல் ஆண்டுக்குள் வரிசை எண். ஆக 116 என்றாலே 1966 மாடல். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் 1966 மாடல் என்பது 1966இல் செய்த வண்டி என்றாகாது. ஃபோக்ஸ்வாகனின் தாய் ஆலை இருக்கும் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க்கில் மாடல் ஆண்டு ஆகஸ்ட்டில் பிறந்தது. கோடை விடுமுறைக்காக ஆலை மூடியிருக்கும்போது இயந்திரங்களை மாற்றியமைத்து, திறந்ததும் புதிய மாடலைத் தொடங்குவார்கள். ஆகவே 1966 மாடலின் முதல் வண்டிகள் 1965 ஆகஸ்ட்டிலேயே இறங்கிவிட்டன. குடும்ப நினைவுக்கு இங்கே ஒரு கதவு திறந்திருந்தது: எண் சிறியதாக இருந்திருந்தால் அப்பா சொன்ன 1965 சரியாகவே இருந்திருக்கும்.

இந்த மாடலின் எல்லை எண்கள் மூன்று. தொடக்கம், 1965 ஆகஸ்ட்: 116 000 001. 1965 டிசம்பர் 31: 116 463 103. முடிவு, 1966 ஜூலை: 116 1 021 298. கடைசி எண்ணில் ஓர் இலக்கம் கூடியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மாடல் ஆண்டில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதால் எண் நீண்டுவிட்டது. பழைய தாள்களிலிருந்து எண்ணை நகல் எடுப்பவர்கள் நடுவிலுள்ள அந்த 1 ஐத் தவறவிட்டால், 1966 ஜூலை வண்டி 1965 ஆகஸ்ட் வண்டியாகிவிடும். ஏறத்தாழ ஓராண்டுப் பிழை! ஆகவே தாளை நம்பாமல் இரும்பில் குத்திய எண்ணைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். நம் வண்டியின் சுரங்கத்தில் துருவைத் துடைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இலக்கம்தான், மறைந்த இலக்கம் எதுவும் இல்லை.

782 ஆயிரம் என்பது 463 ஆயிரத்தைவிடப் பெரியது. அதாவது 1965 முடிந்த பிறகு செய்த வண்டி. மாடல் முடிவதற்கு முன்பே இறங்கியதும் உறுதி. பதிவு அட்டையின் 1967, குடும்பத்தின் 1965 இரண்டும் இந்த ஒரு படியிலேயே விலகிவிட்டன. எஞ்சியது 1966 ஜனவரி முதல் ஜூலை வரை.

கணக்கு

இங்கே நிறுத்திக்கொண்டு பலகையில் 1966 என்று எழுதியிருக்கலாம். உரிமையாளருக்கு மாதமும் வேண்டும் என்றார், எனக்கும் வேண்டும்.

எளிய வழி, மாடல் ஆண்டு முழுவதும் எண்கள் ஒரே வேகத்தில் ஓடின என்று எடுத்துக்கொள்வது. விட்டுவிட்ட கடைசி மூன்று இலக்கங்களுக்கு நடுவாக 500 என்று வைத்து, 782,500 ஐ 1,021,298 ஆல் வகுத்தால் 0.766. ஆகஸ்ட் 1 முதல் 365 நாளில் அத்தனை பங்கு கழிந்தால் 1966 மே 7 வருகிறது. பலரும் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் நடுவில் டிசம்பர் 31 என்ற உறுதியான மைல்கல் நம் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். டிசம்பர் முடிவுக்கும் ஜூலை முடிவுக்கும் இடையே 558,195 எண்கள். நம் வண்டி அதில் 319,397ஆவது இடத்துக்கு அருகில், அதாவது 0.572 பங்கு. ஜனவரி 1 முதல் ஜூலை 31 வரையுள்ள 212 நாளில் அந்தப் பங்கு மே 2இல் விழுகிறது.

இதுவும் போதாது. தொழிற்சாலை நாட்காட்டி நாளில் வண்டி செய்வதில்லை, வேலை நாளில்தான் செய்கிறது. கோடை விடுமுறையில் வரிசை அசையாது. அப்படியிருக்க ஜூலை 31 வரை எண்களைச் சமமாகப் பரப்பினால், உண்மையில் ஜூலை முற்பகுதிக்குள் முடிந்துவிட்ட எண்களை நீட்டி இழுத்ததாகிவிடும். நடுவில் இருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் உண்மையைவிடப் பிந்திய தேதி கிடைக்கும். பட்டியலைப் பார்த்துக் கணக்கிடுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1966 ஜனவரி 3 திங்கட்கிழமை. அன்று தொடங்கி, ஐந்து நாள் வேலை வாரம் என்றும், ஜூலையில் மூன்று வாரம் ஆலை மூடல் என்றும் வைத்துக்கொண்டேன். ஜூலை 8 வரை 27 வாரம், 135 நாள். இதில் ஜெர்மனியின் பொது விடுமுறைகளைக் கழிக்க வேண்டும். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 10. ஆகவே ஏப்ரல் 8 புனித வெள்ளி, ஏப்ரல் 11 ஈஸ்டர் திங்கள். மே 19 விண்ணேற்றத் திருநாள், மே 30 பெந்தெகொஸ்தே திங்கள், ஜூன் 17 அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஒற்றுமை நாள். மே தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் கழிக்கத் தேவையில்லை. மிச்சம் 130 வேலை நாள். நாளுக்குச் சராசரியாக 4,294 எண்கள்.

130இல் 0.572 பங்கு என்றால் 75ஆவது வேலை நாள். புனித வெள்ளியையும் ஈஸ்டர் திங்களையும் தாண்டி எண்ணினால் அது ஏப்ரல் 19, செவ்வாய்க்கிழமை.

மே 7, மே 2, ஏப்ரல் 19. ஒரே எண், ஒரே பட்டியல், மூன்று விடைகள். மூன்றாவதை நான் நம்புகிறேன் என்றாலும் அதன் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: மூன்று வார விடுமுறை. அதை அசைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் என்றால் ஏப்ரல் 22 வருகிறது. நான்கு வாரம் என்றால் ஏப்ரல் 14. சனிக்கிழமைகளில் கூடுதல் வேலை நடந்திருந்தால், அது ஏழு மாதமும் பரவலாக இருக்கும்வரை விடை அதிகம் நகராது. ஆக, கணக்கு தருவது ஒரு தேதி அன்று. ஏப்ரலின் நடுவிலிருந்து கடைசி வாரம் வரையிலான ஓர் இடைவெளி. உரிமையாளரிடமும் அப்படியே சொன்னேன்.

எண்ணை இப்படிப் பேச வைப்பது கார் பிரியர்கள் கண்டுபிடித்த வித்தை அன்று. இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் வரிசை எண்களிலிருந்து மாதந்தோறும் எத்தனை டாங்கிகள் தயாராகின்றன என்று நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கணித்தார்கள். 1942 ஆகஸ்ட்டுக்கு உளவுத் தகவல் சொன்னது 1,550. வரிசை எண் கணக்கு சொன்னது 327. போர் முடிந்து ஜெர்மானிய ஆவணங்களைத் திறந்து பார்த்தபோது இருந்தது 342. அவர்கள் எண்ணிலிருந்து அளவைக் கண்டார்கள். நாம் எண்ணிலிருந்து நாளைக் காண்கிறோம். அடிப்படை ஒன்றுதான்: வரிசை ஒழுங்காக ஓடியிருக்க வேண்டும்.

ஒழுங்கு குலைவதும் உண்டு. 1964 டிசம்பரிலிருந்து எம்டன் நகரத்து ஆலையிலும் பீட்டில்கள் தயாராயின. எண்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுக்கும்போது, பெரிய எண் முந்தியும் சிறிய எண் பிந்தியும் இறங்கக்கூடும். திறந்த கூரை பீட்டிலும், பீட்டிலின் அடித்தளத்தில் செய்த கார்மன் கியா காரும் இதே வரிசையிலிருந்துதான் எண் எடுத்தன. ஆனால் அவற்றை முடித்தது ஓஸ்னாப்ரூக்கில் கார்மன் நிறுவனம். எண் குத்தப்பட்ட நாளுக்கும் வண்டி முடிந்த நாளுக்கும் இடையே அங்கே கூடுதல் இடைவெளியை எதிர்பார்க்க வேண்டும்.

பாகங்கள் சொல்லும் சாட்சி

எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பீட்டிலின் பல பாகங்களில் அவை தயாரான மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். எந்தப் பாகமும் தான் செய்யப்படுவதற்கு முன்பே வண்டியில் ஏற முடியாது. எனவே வண்டியோடு பிறந்த பாகங்களில் எது ஆகக் கடைசியாகச் செய்யப்பட்டதோ அதன் தேதி நமக்குக் கீழ் எல்லை. ‘வண்டியோடு பிறந்த’ என்பதை உறுதி செய்வதுதான் கடினமான வேலை.

சக்கரங்களிலிருந்து தொடங்கினேன். 1966 மாடலின் அடையாளமான, வட்டமாகத் துளைகள் வெட்டிய வட்டுகள் நான்கும் வண்டியில் இருந்தன. அவற்றில் 2 66 என்றும் 3 66 என்றும் பொறிப்பு. உபரிச் சக்கரத்தில் 68. அது பின்னால் வந்தது, தள்ளிவிட்டேன். வேகமானியைக் கழற்றிப் பின்புறம் பார்த்தோம். விடிஓ நிறுவனத்து வேகமானி, மைல் கணக்கு, முத்திரை 4 66. அதன் திருகுகளில் ஒரே அடுக்கான பழைய தூசு. யாரும் கழற்றியதற்கான கீறல் இல்லை. இது வண்டியின் சொந்த வேகமானி என்றால் ஏப்ரல் பிறப்பதற்கு முன் வண்டி முடிந்திருக்க வாய்ப்பில்லை. கணக்கிலிருந்து கிடைத்த இடைவெளியும் இதுவும் ஒன்றின் மேல் ஒன்று அழகாகப் படிகின்றன.

எஞ்சின் உதவவில்லை. 1300இன் 1,285 சிசி எஞ்சின் எஃப் என்ற எழுத்தோடு தொடங்கும் எண்ணைக் கொண்டது. இந்த வண்டியில் இப்போது இருப்பது வேறு எழுத்து. வாழ்நாளில் எஞ்சின் மாறாத பீட்டில் அரிது என்பதால் இதற்கு நான் எந்த எடையும் கொடுக்கவில்லை.

இனி அந்த 1968 வாதம். 1967 ஆகஸ்ட் வரை (அமெரிக்காவுக்குப் போன வண்டிகள் நீங்கலாக) பீட்டிலின் முன்விளக்குகள் மட்கார்டின் வளைவோடு பின்சாய்ந்து, கண்ணாடி மூடியோடு இருந்தன. அதன் பிறகு செங்குத்தாக நின்றன. இந்த வண்டியில் செங்குத்து விளக்குகள். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் 1968 என்கிறார்கள். ஆனால் பீட்டிலின் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை. மோதிய பிறகு கிடைத்ததை மாட்டுவது வழக்கம். உரிமையாளரைக் கேட்டபோது, எழுபதுகளில் புக்கிட் தீமா சாலையில் ஒரு லாரி உரசி முன்பக்கம் நசுங்கியதை அவரே நினைவுகூர்ந்தார். எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகத்தை வைத்து ஆண்டைத் தீர்மானிக்கவே கூடாது. முன் அச்சு போன்ற, மாற்றச் சிரமமான இடங்களைப் பார்க்க வேண்டும். 1966 மாடலில், முன்சக்கரம் திரும்புவதற்கான இணைப்பில் கிங்பின் என்ற பழைய முளை முறை போய்ப் பந்துமூட்டு வந்தது. இந்த வண்டியின் கீழே படுத்துப் பார்த்தால் பந்துமூட்டுதான். எண்ணோடு பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கை, பாகங்களை இங்கேயே பூட்டிச் செய்த வண்டிகளுக்கு அப்படியே எடுத்துப் போகக் கூடாது. புக்கிட் தீமாவில் ஃபோர்ட் ஆலை 1941இலிருந்து இருந்தது. 1942இல் பிரிட்டிஷார் சரணடைந்த அதே கட்டடம். ஹில்வியூவில் 1965இலிருந்து மெர்சிடிஸ் வண்டிகளைப் பூட்டினார்கள். இரண்டும் 1980இல் முடிந்தன. பெட்டிகளில் பாகங்களாக வந்து இங்கே பூட்டிய வண்டிக்கு இரண்டு பிறந்த நாள்கள்: பாகங்களைக் கட்டி அனுப்பிய நாள், பூட்டி முடித்த நாள். மூல ஆலையின் எண் பட்டியல் முதலாவதைத்தான் தொடும்.

சான்றிதழ்

ஃபோக்ஸ்வாகன் உரிமையாளர்களுக்கு வாய்த்த பேறு, பழைய உற்பத்திப் பதிவேடுகள் அழியாமல் இருப்பது. வொல்ஃப்ஸ்பர்க்கிலுள்ள ஃபோக்ஸ்வாகன் கார் அருங்காட்சியக அறக்கட்டளைக்குச் சேசிஸ் எண்ணையும் உரிமைச் சான்றையும் கட்டணத்தோடு அனுப்பினால் ‘பிறப்புச் சான்றிதழ்’ தருகிறார்கள். மாரிஸ், ஆஸ்டின், எம்ஜி வண்டிக்காரர்களுக்கு இங்கிலாந்தின் கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் இதே வேலையைச் செய்கிறது. கேட்டவுடன் கிடைக்கக்கூடிய சான்று இருக்க, இத்தனை கணக்கு எதற்கு என்று உரிமையாளரின் மகள் கேட்டார். நியாயமான கேள்வி. சான்றிதழ் சொல்வது அந்த எண்ணுக்குரிய வண்டியைப் பற்றி. நம் முன் நிற்பது அந்த வண்டிதானா என்பதை இரும்பும் பாகங்களும்தான் சொல்ல முடியும். இரண்டும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் நிறைவு. அதனால்தான் சான்றிதழ் வருவதற்கு முன்பே என் விடையை எழுதி உரிமையாளரிடம் கொடுத்துவிட்டேன்: 1966 ஏப்ரல் 14 முதல் 22 வரை, பெரும்பாலும் 19ஐ ஒட்டி.

சான்றிதழ் சொன்னது: உற்பத்தி முடிந்த நாள் 1966 ஏப்ரல் 21, வியாழக்கிழமை. ஆலையை விட்டுப் புறப்பட்டது ஏப்ரல் 26. சேருமிடம் சிங்கப்பூர். நிறம் முத்து வெள்ளை. டாஷ்போர்டுக்கு உள்ளே, நீலப் பெயின்ட் எட்டாத மூலையில் அந்த வெள்ளை இன்னும் இருக்கிறது.

இரண்டு நாள் வித்தியாசம். மகிழ்ச்சிதான். அதே சமயம், என் இடைவெளியின் நடுவுக்கு இத்தனை அருகில் விழுந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஒரு வாரம் தள்ளியிருந்தாலும் முறை சரியென்றே சொல்லியிருப்பேன். மே 7 என்ற எளிய கணக்கோ பதினாறு நாள் பிந்தியது. மாதமே மாறிப்போயிருக்கும்.

ஏப்ரல் கடைசியில் புறப்பட்ட வண்டி 1967 பிப்ரவரியில்தான் பதிவானது. சூயஸ் கால்வாய் மூடப்பட்டது 1967 ஜூனில். 1966இல் கப்பல்கள் அதன் வழியே வந்துகொண்டிருந்தன. ஆகவே இந்தப் பத்து மாதத்தில் பெரும்பகுதியைக் கடல் தின்றிருக்க முடியாது. விற்பனையாளரிடம் நின்றிருக்க வேண்டும். நிறத்தை மாற்றியது அப்போதா, பிறகா என்பதைக் குடும்பத்தின் பழைய படங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவின் 1965? சான்றிதழைப் படித்துக் காட்டியதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1300 என்ற இந்த மாடல் வொல்ஃப்ஸ்பர்க்கில் வரிசைக்கு வந்தது 1965 ஆகஸ்ட்டில்; சிங்கப்பூர் தனி நாடானதும் அதே மாதம், 9ஆம் தேதி. ‘நாடு பிறந்தபோது வந்த மாடல்’ என்று விற்பனையாளர் சொல்லி அப்பா கேட்டிருக்கலாம். சொல்லச் சொல்ல மாடல் வண்டியாகியிருக்கலாம். இதை என்னால் நிரூபிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

“அப்படியென்றால் பலகையில் அதையும் எழுதலாமா, தம்பி?” என்று கேட்டார்.

“மாடல் அறிமுகமான மாதம் என்று தெளிவாகப் போட்டால் எழுதலாம், அண்ணே.”

பலகையில் இப்போது நான்கு வரிகள்: 1966 மாடல், 1965 ஆகஸ்ட்டில் அறிமுகம்; உற்பத்தி 1966 ஏப்ரல் 21, சான்றிதழ்படி; சிங்கப்பூரில் பதிவு 1967 பிப்ரவரி; முன் மட்கார்டுகளும் எஞ்சினும் பின்னாளில் மாற்றப்பட்டவை. பதிவு ஆவணத்திலுள்ள உற்பத்தி ஆண்டைத் திருத்தச் சான்றிதழின் நகலோடும் சேசிஸ் எண்ணின் படத்தோடும் விண்ணப்பம் தயாராகிவிட்டது. அதோடு சாய்ந்த விளக்குகளுக்கான பழைய மட்கார்டுகள் இரண்டு எங்காவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.